கட்டி இழுக்கும் கார்

கேள்வி: நின்றுபோன காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கும்போது யாருக்கு வேலை அதிகம்?

பதில்: பின்னால் இருப்பவருக்கு. தேரை வடம் பிடிப்பவர்கள் இழுத்தாலும், அதை நிறுத்துவது முட்டுக்கட்டை போடுபவர்தான். இங்கும் அப்படியே. முன்வண்டி வேகம் குறைத்தால், பின்னவர் பிரேக்கை மெல்ல மிதித்துக் கயிற்றை விறைப்பாகவே வைத்திருக்க வேண்டும். கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபட்டால் அறுந்துவிடும். அறுந்த நுனி சாட்டையாகத் திரும்பி வரும்.

எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை ஆன் நிலையில் வைக்காவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இது உயிருக்கே ஆபத்து. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும்.

கயிற்றைக் கார் தயாரிப்பாளர் தந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும்தான் ஊர் போய்ச் சேரும்.

இந்தியச் சாலை விதிப்படி இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடும் காரில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்க வேண்டும். 1989-இல் வந்த விதி, வேகத்துக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் என்று எல்லை வகுத்தது.

ஆட்டோமேட்டிக் கியர் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்கு எண்ணெய் போகும். அவற்றைக் கயிற்றில் இழுக்காமல் தட்டையான மேடை கொண்ட மீட்பு லாரியில் ஏற்றுவதே முறை. பிரேக் பழுதான காருக்கும் அதுவே வழி.