கமாவுக்கும் காசு உண்டு, பேராண்டி

எய்யா பேராண்டி, பெங்களூர்ல இருந்து வந்ததுல இருந்து நீ ஒழுங்காச் சாப்பிடாம முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுதியாம்லா? கடன் கிடன் வாங்கிட்டானோன்னு உங்க ஆச்சி பதறிப் போயிட்டா. விசாரிச்சாத்தான் தெரியுது, வெவகாரம் வேற. ஆபீஸ்ல எவனுக்கும் இங்கிலீஷ் எழுதத் தெரியலியாம். 'இட்ஸ்'ல அபாஸ்ட்ரபி இருக்க வேண்டிய எடத்துல இல்லியாம், இருக்கக் கூடாத எடத்துல இருக்காம். புள்ளி வைக்க வேண்டிய எடத்துல மூணு ஆச்சரியக்குறியாம். 'யுவர்' எது, 'யூ ஆர்' எதுன்னு மேனேஜருக்கே தெரியலியாம். சரிதான், பெரிய துக்கம். விசாரிக்காமப் போனா நல்லாருக்காதுன்னு நானும் வந்து உக்காந்திருக்கேன்.

நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதிப் பொழச்சவன். என் இங்கிலீஷு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல தட்டித் தட்டி ஏத்துன இங்கிலீஷு. ஆனா பேப்பர் வாசிக்கிற வியாதி மட்டும் இன்னும் விடல. அதனால நாலு சங்கதி சொல்லுதேன். புடிச்சா எடுத்துக்க. புடிக்கலன்னா பெரிசு உளறுதுன்னு வாட்சாப்புல போட்டுரு, கமா இல்லாம.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. இங்கிலீஷ் கெட்டுப்போச்சுன்னு அழுத மொத ஆளு நீ இல்ல. கல்லிவர் கதை எழுதுனாரே ஜொனாதன் ஸ்விஃப்ட், அவரு 1712லயே ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு நீளமா ஒரு கடுதாசி எழுதி அச்சடிச்சு விட்டாரு. பாஷை சீரழியுது, வார்த்தையையெல்லாம் நறுக்கிச் சுருக்குதானுவ, ஒரு சபை கூட்டி இதை நிறுத்தணும்னு. சபையும் கூடல, பாஷையும் சாகல. அதுக்கப்புறம்தான் அது நம்ம ஊரு பூராவும் பரவி உக்காந்துச்சு. அவருக்கும் முந்தி ஷேக்ஸ்பியரு. அவரு போட்ட கையெழுத்துன்னு ஆறு மிஞ்சியிருக்கு. ஆறுலயும் பேரு ஒண்ணு போல இல்ல. இன்னிக்கு ஆதாருக்கு எழுதிப் போட்டிருந்தா அந்த மனுசனத் திருப்பி அனுப்பிருப்பான்.

இன்னொண்ணு கேளு. அமெரிக்காக்காரன் 1787ல எழுதுன அரசியல் சட்டம் இருக்கே, வாஷிங்டன்ல கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்கானே, அதுல மொத ஷரத்து, பத்தாவது பிரிவுல 'அதனுடைய'ங்கிற அர்த்தத்துல வர்ற 'இட்ஸ்'ஸுக்கு அபாஸ்ட்ரபி போட்டிருக்கு. உன் மேனேஜர் செஞ்ச அதே காரியம். உலகம் பூரா ஆளு வந்து வரிசையில நின்னு பாத்துட்டுப் போகுது. நீ அங்க நின்னிருந்தா செக்யூரிட்டியக் கூப்பிட்டு சிவப்புப் பேனா கேட்டிருப்ப. இத்தனைக்கும் அந்தக் காலத்துல அது தப்பே இல்லடே. அப்பிடியும் எழுதுவாங்க, இப்பிடியும் எழுதுவாங்க. இது சரி, இது தப்புன்னு வேலி போட்டதெல்லாம் பின்னால வந்த அச்சாபீஸ்காரங்களும் இலக்கண வாத்தியாருங்களும்தான்.

சரி, சொந்தக்காரன் சீமையிலயாவது ஒழுங்கா வச்சிருக்கானா? அங்க லிங்கன்ஷயர் பக்கம் பாஸ்டன்னு ஒரு ஊரு. ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஒரு மனுசன், பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்தி ரிட்டயர் ஆனவரு. காய்கறிக் கடை போர்டுல உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாத்துக்கும் தேவையில்லாம அபாஸ்ட்ரபி தொங்குறதப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சு, 2001ல அபாஸ்ட்ரபியக் காப்பாத்த ஒரு சங்கமே ஆரம்பிச்சாரு. கடைகடையா மரியாதையாக் கடுதாசி போட்டாரு. கடைசியில 2019ல, தொண்ணூத்தாறு வயசுல, அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயிச்சிருச்சுன்னு அறிவிச்சுட்டு சங்கத்தக் கலைச்சாரு. பொறவு வேற ஆளுங்க எடுத்து நடத்துதாங்க, அது தனி. ஆனா ஜெயிச்சது யாருன்னு பாரு. வாட்டர்ஸ்டோன்ஸ்னு அங்க பெரிய புத்தகக் கடை, ஊருக்கு ஊரு கிளை. அவனே 2012ல தன் போர்டுல இருந்து அபாஸ்ட்ரபியக் கழட்டிட்டான். இண்டர்நெட்டு முகவரிக்கு அது இடைஞ்சலாம். 2024ல ஹாரோகேட் ஊர்ல புதுசா மாட்டுன ஒரு தெருப்பலகையில கவுன்சில்காரன் அபாஸ்ட்ரபிய விட்டுட்டான். கேட்டதுக்கு, கம்ப்யூட்டருக்கு ஒத்து வரலன்னான். யாரோ ஒரு புண்ணியவான் மார்க்கர் பேனாவ எடுத்துட்டு வந்து தானே ஒண்ணு வரைஞ்சுட்டுப் போயிட்டான். சொந்தக்காரன் வீட்டுலயே இந்த லச்சணம், வாடகைக்கு இருக்கிறவன் நீ எதுக்குடே ரத்தக்கொதிப்ப ஏத்திக்கிட?

என்னக் கேட்டா அபாஸ்ட்ரபிங்கிறது மாட்டுத் தொடையில போடுற சூட்டுக்குறி மாதிரி. இது இன்னாருக்குன்னு சொல்லும், அம்புட்டுதான். குறி மங்கிப்போனாலும் சாயங்காலம் எந்தத் தொழுவுக்குப் போகணும்னு மாட்டுக்குத் தெரியும்.

இங்க நம்ம கதையச் சொன்னா சிரிப்ப. டைப் அடிக்கப் போனா மொதப் பாடம் என்ன? இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே. வலது சுண்டுவெரலுக்கு ஆண்டவன் எழுதிவச்சது செமிகோலன். ஒரு வாரம் அதையே அடிச்சுச் சுண்டுவெரலு வீங்கும். லோயர் பாஸ் பண்ணி, ஹையர் பாஸ் பண்ணி, கவர்மெண்ட்டு வேலைக்குப் போயி, ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கிச் செத்தே போவான், வாழ்க்கையில ஒரு செமிகோலன் அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது. கமாவுக்குப் பொறவு ஒரு எடம் விடணும், புள்ளிக்குப் பொறவு ரெண்டு எடம் விடணும்னு மாஸ்டர் ஸ்கேல வச்சுக்கிட்டு நிப்பாரு. எதுக்கு ரெண்டுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. நீ இன்னிக்கு ரெண்டு விட்டா ஏதோ தெரியாம அடிச்சுட்டான்னு நெனப்பான். ஸ்டாண்டர்டு ஸ்டாண்டர்டுன்னு குதிக்கியே, அதுக்கும் வயசாகும்டே.

பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர எடுத்துக்க. தமிழ்நாடு பூரா, கன்னியாகுமரியில இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும், ஒரு பிள்ளையும் தப்பில்லாம எழுதுற இங்கிலீஷ் வாக்கியம் ஒண்ணு உண்டுன்னா அது 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'தான். கமாகூட அதது எடத்துல இருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த நாட்டுல எவனுக்கும் வயித்து வலி வந்ததில்ல, பல்லு வலி வந்ததில்ல. மாமா கல்யாணத்துக்குப் போனவனுக்கும் காய்ச்சல், மேட்ச் பாக்கப் போனவனுக்கும் காய்ச்சல். நீயும் எழுதிக் குடுத்தவன்தான், கையெழுத்துப் போட்டவன் நான்தான். இலக்கணம் சுத்தம், சங்கதி பச்சப் பொய். அடியில 'யுவர்ஸ்'ஸுக்கு ஒரு அபாஸ்ட்ரபியப் போட்டு முடிச்சிருப்ப, அது மட்டும் உன் சொந்தச் சரக்கு.

இப்ப போன்ல எழுதுறதப் பத்திப் புலம்புத. புள்ளியே வைக்க மாட்டங்காங்கன்னு. ஏல, வைக்காம இருக்கிறதுதான் அங்க மரியாதை. அமெரிக்காவுல பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டியில 2015ல ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க. போன் மெசேஜ்ல ஒத்த வார்த்தையில பதில் போட்டு, கடைசியில புள்ளி வச்சா, அந்தப் பதிலு மனசார வந்த மாதிரி இல்லன்னு காலேஜ் பிள்ளைங்க சொல்லிருக்கு. அதே பதிலக் காகிதத்துல கையால எழுதிக் காட்டுனா, புள்ளி இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான்னுருக்கு. இதுக்கு யுனிவர்சிட்டி வேற வேணுமாக்கும்! சம்பளத்துல பாதிய எவனுக்கோ கைமாத்துக் குடுத்தேன்னு நீ வீட்டுக்கு மெசேஜ் போட்டப்போ, உன் பொண்டாட்டி 'ஓகே' போட்டு ஒரு புள்ளி வச்சாளே, அன்னிக்கு ராத்திரி நீ எங்கிட்ட வந்துல்லா படுத்த? எழுதத் தெரியாதவ வச்ச புள்ளியா அது?

சரி, நையாண்டி போதும். கமா முக்கியமே இல்லன்னு சொல்லுதேன்னு நெனச்சிராத. எங்க முக்கியம்னு சொல்லுதேன். அமெரிக்காவுல மெய்ன்னு ஒரு மாநிலம். அங்க ஓக்ஹர்ஸ்ட்னு பால் கம்பெனி. வாரத்துக்கு நாப்பது மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தா ஒண்ணரைப் பங்கு ஓவர்டைம் குடுக்கணும்னு சட்டம். ஆனா கெட்டுப்போற சாமானப் பதப்படுத்துறவன், உறைய வைக்கிறவன், காய வைக்கிறவன், சேமிச்சு வைக்கிறவன்னு சில வேலைக்கு அது கெடையாதுன்னு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் கடைசியில 'பாக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்'னு முடியுது. ஷிப்மென்ட்டுக்குப் பொறவு ஒரு கமா இருந்தா, பாக்கிங் ஒரு வேலை, வினியோகம் தனி வேலை. கமா இல்லன்னா ரெண்டும் சேத்து ஒரே வேலை, அதாவது பாக்கிங் மட்டும். பால் வண்டி ஓட்டுறவன் வினியோகம் பண்ணுதான், பாக்கிங் பண்ணல. அப்ப எங்களுக்கு ஓவர்டைம் உண்டுன்னு வண்டிக்காரங்க கேஸ் போட்டாங்க. கீழ்க்கோர்ட்டுல கம்பெனி ஜெயிச்சுச்சு. 2017ல மேல்கோர்ட்டு, வாசகம் ரெண்டு மாதிரியும் அர்த்தம் குடுக்கு, அதனால தொழிலாளிக்குச் சாதகமாத்தான் எடுத்துக்கணும்னுட்டு. மறுவருசம் அம்பது லட்சம் டாலர் குடுத்துக் கம்பெனி ராஜியாப் போச்சு.

இதுல ருசி எங்கன்னா, அந்தச் சட்டத்த எழுதுனவன் இலக்கணம் தெரியாதவன் இல்ல. இந்த மாதிரிப் பட்டியல்ல கடைசி கமா போடாதேன்னு மெய்ன்ல சட்டம் எழுதுறவங்களுக்குக் கையேடே உண்டு. அதப் பாத்து, விதிப்படி எழுதித்தான் வம்புல மாட்டுனாங்க. மேல்கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பொறவு சட்டத்தத் திருத்துனாங்க. எப்பிடி? ஒவ்வொரு வேலைக்கு நடுவுலயும் செமிகோலன் போட்டு! எங்க சுண்டுவெரலு வீங்குனது வீண் போகலன்னு அன்னிக்குத்தான் நெனச்சேன்.

சீமையிலயும் ஒரு கூத்து நடந்துச்சு. கார்டிஃப்ல டெய்லர் அண்ட் சன்ஸ்னு நூறு வருசத்துக்கு மேல நடந்த இஞ்சினியரிங் கம்பெனி. 2009ல 'டெய்லர் அண்ட் சன்'னு வேறொரு கம்பெனி திவாலாச்சு. கம்பெனிப் பதிவு ஆபீஸ்காரன் ஒரு 'எஸ்'ஸக் கவனிக்காம, நல்லாருந்த கம்பெனி பேருல திவால்னு ஏத்திட்டான். சீக்கிரமே திருத்தத்தான் செஞ்சான். அதுக்குள்ள கடன் குடுத்தவன், சரக்குக் குடுத்தவன் எல்லாரும் கையத் தூக்கிட்டான். கம்பெனி நெசமாவே படுத்துருச்சு. 2015ல கோர்ட்டு பதிவு ஆபீஸ் மேலதான் பொறுப்புன்னு சொல்லுச்சு, போன கம்பெனி போனதுதான்.

இதெல்லாம் எங்களுக்குப் பழகுன சங்கதி. நாங்க எழுதுற கிரையப் பத்திரத்தப் பாத்திருக்கியா? 'இன்னார் குமாரர் இன்னார்'னு ஆரம்பிச்சா ரெண்டாம் பக்கம் வரைக்கும் புள்ளியே வராது. வாசிக்கவனுக்கு மூச்சு முட்டும். பழைய சீமை வக்கீலும் அப்பிடித்தான் பத்திரம் எழுதுனான். ஒரு கமாவ நம்பிச் சொத்த எழுதுனா, பொறவு எவனாவது பேனாவக் கொண்டாந்து இன்னொண்ணச் செருகிருவான்ல்லா? அதனால கமா இல்லாட்டியும் அர்த்தம் ஆடாத மாதிரி எழுதணும், அதுதான் தொழிலு. தொகைய எண்ணாலயும் போடணும், எழுத்தாலயும் போடணும். நாலெல்லையும் பேரோட சொல்லணும். ஒரு எழுத்த அடிச்சிருந்தாக்கூட, இத்தனையாவது வரியில அடித்தல் ஒன்றுன்னு பக்கத்துக்கு அடியில குறிச்சுக் கையெழுத்து வாங்கணும். ஆனா வீட்டுல உங்க ஆச்சிக்கு நான் எழுதுன பலசரக்குச் சீட்டப் பாரு. 'மல்லி' எழுதுற லட்சணத்துல கடைக்காரன் பல்லி குடுக்காம இருந்ததே பெரிசு.

அடுத்தவன் தப்பக் காட்டுறதுக்கும் ஒரு நேக்கு வேணும். லின் டிரஸ்னு ஒரு சீமையம்மா, கமா தப்பாப் போடுதவனையெல்லாம் வெளுத்து வாங்கி 2003ல ஒரு புத்தகம் போட்டாங்க. லட்சக்கணக்குல வித்துச்சு. மறுவருசம் நியூயார்க்கர் பத்திரிகையில லூயி மெனாண்ட்னு ஒரு பேராசிரியர், புத்தகத்தோட சமர்ப்பணப் பக்கத்துலயே கமா ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஆரம்பிச்சு வரிவரியா உரிச்சுட்டாரு. நக்கீரர் வேலை பாக்க வர்றவனுக்குப் பின்னால இன்னொரு நக்கீரர் நிக்காம இருக்க மாட்டாரு. அதனால மேனேஜர் தப்ப இன்கிரிமெண்ட் வந்த பொறவு திருத்து. உனக்குக் கீழ இருக்கிற பையன் தப்ப, அவங்கிட்ட மட்டும், காப்பி வாங்கிக் குடுத்துச் சொல்லு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்புல போட்டுச் சிரிக்காத. அந்தப் பய கிராமத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து தானே படிச்சு ஏறி வந்தவனா இருப்பான். உனக்கு கான்வெண்ட்டு ஃபீஸு கட்டுனது உங்கப்பன்.

இப்ப இன்னொரு தமாசு நடக்கு. மெஷினே கடுதாசி எழுதிக் குடுக்குதாம், கமா சுத்தமா. அதனால பிழையில்லாம ஒரு மெயில் வந்தா, இத இவன் எழுதலன்னு சந்தேகப்படுதாங்களாம். இம்புட்டு வருசம் மாஸ்டர்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்டது கடைசியில நம்மளையே திருடனாக்குது பாரு.

சரி, வந்த விசயம் இதுதான். அடுத்த வாரம் உனக்கு ஃப்ளாட்டு அக்ரிமெண்ட் கையெழுத்தாகுதுன்னு உங்கப்பன் சொன்னான். பில்டர் குடுத்த அந்தத் தடிக் கட்ட நீ இன்னும் பிரிக்கவே இல்லியாம். அத எடுத்துக்கிட்டு நாளைக் காலையில வா. வீடு எப்பத் தருவான், தாமசமானா என்ன தருவான், 'அல்லது'ன்னு எங்கெங்க எழுதியிருக்கான்னு வாய்விட்டு வாசிப்போம். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுராத.