கொடுக்கிற கை, வாங்குகிற முகம்

கே: சம்பளம் பதினைந்தாம் தேதியே தீர்ந்துவிடுகிறது. நான் எங்கே வள்ளலாவது? (விழுப்புரம் வாசகர்)

ப: பர்ஸ் காலியானாலும் உடம்பில் ரத்தம் ஓடுகிறதே! வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், நோய் நொடி இல்லாமல் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பெரும்பாலும் 350 மில்லிதான் எடுப்பார்கள். அது யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. யார் கொடுத்தது என்று அவருக்கும் தெரியாது. அவர் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு இந்தத் தானத்தின் மீது தனி மரியாதை.

கே: கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசலாமா? (தேனி வாசகி)

ப: ஷாப்பிங் மாலில் எவ்வளவு பேசுவீர்களோ, அவ்வளவு பேசலாம்.

கே: வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மிஞ்சிய சாப்பாட்டைக் கொடுக்கிறேன். தப்பு என்கிறாள் மகள். (சென்னை வாசகி)

ப: மகள் பக்கம்தான் நான். முந்தாநாள் குழம்பை எடுத்துக் கொடுத்தால் காலியாவது ஃப்ரிட்ஜ். அதில் தானம் எங்கே இருக்கிறது? உங்களுக்குத் தோசை ஊற்றும்போதே அவருக்கும் இரண்டு சூடாக ஊற்றுங்கள். நீங்கள் சாப்பிடும் அதே தட்டு, அதே டம்ளர். அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தால், அதை இன்றே மற்ற பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒரு நாள் லீவு, சம்பளம் பிடிக்காமல். அது தானத்தில் சேராது. அவருக்குச் சேர வேண்டியது.

கே: உதவி செய்வதை ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேருக்குத் தூண்டுதல்தானே? (ஈரோடு வாசகர்)

ப: அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். வாங்குகிறவர் முகம் எதற்கு? அவர் மகள் படிக்கும் வகுப்பிலும் செல்போன் இருக்கிறது.

கே: உங்களை அசத்திய தர்மம்? (கடலூர் வாசகர்)

ப: உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. வடலூரில் 1867ஆம் ஆண்டு மே மாதம் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. என்ன சாதி, எந்த ஊர், ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேள்வி கேட்டுவிட்டு இலை போடுவதில்லை. பசித்து வந்தால் போதும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுப்பார்கள். கையில் காசில்லாதவர் பிறகு வந்து, ‘எனக்கு யாராவது காபி விட்டுப் போயிருக்கிறார்களா?’ என்று கேட்டுக் குடிப்பார். நம் டீக்கடைகளிலும் இதைச் செய்யலாம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

கே: பிச்சை கேட்பவருக்குப் பணமா, சாப்பாடா? (மதுரை வாசகர்)

ப: அவரையே கேளுங்கள். மாத்திரை வாங்க நிற்பவருக்கு மூன்றாவது பொட்டலம் புளிசாதம் எதற்கு?

கே: என் ஆறு வயதுப் பையனுக்குக் கொடுக்கும் பழக்கத்தை எப்படிக் கற்றுத் தருவது? (நாகர்கோவில் வாசகி)

ப: சக்கரம் கழன்ற காரைக் கொடுக்கச் சொல்லாதீர்கள், ஓடுகிற காரைக் கொடுக்கட்டும். பிறந்தநாளுக்குச் சாக்லேட் வாங்கும்போது வகுப்புப் பிள்ளைகளோடு வாட்ச்மேன், வேன் டிரைவர், ஆயாம்மா மூவரையும் கணக்கில் சேர்த்து அவனையே எண்ணச் சொல்லுங்கள். ஆயாம்மாவின் பெயர் தெரியாவிட்டால், முதல் நாளே கேட்டு வரட்டும்.