வகுப்பு முடிந்த பிறகு

நான் 1961இல் பேராதனைக்குப் படிக்கப் போனேன். வடக்கிலும் கிழக்கிலும் அரசாங்கக் கச்சேரி வாசல்களில் மொழியுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்து, அவசரகாலச் சட்டத்தால் அது அடக்கப்பட்ட ஆண்டு. 1958 இனக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இழந்ததையெல்லாம் எங்கள் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “லெக்சர் முடிஞ்சால் நேரே ஹோலுக்குப் போ. படிப்பைத் தவிர ஒண்டிலையும் தலையிடாதை” என்று சொல்லித்தான் அம்மா என்னை யாழ்தேவி ரயிலில் ஏற்றிவிட்டார்.

என் பேத்தி இப்போது அதே பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். அவள் புறப்பட்ட அன்று என் மகன் அவளுக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதே வசனம்தான். இரண்டு தலைமுறைப் பெற்றோரும் எதற்குப் பயந்தார்களோ, அதற்குள் போனதால்தான் பேராதனை எனக்குப் பேராதனை ஆயிற்று. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பத்தாண்டுகளில் பேராதனைக்கு வந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதை மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே நினைத்துக் கட்டினார். மகாவலி ஒருபுறம், ஹந்தானை மலை மறுபுறம், நடுவே விடுதிகள். அருணாசலம், ஜயதிலக, மார்ஸ், ராமநாதன், சங்கமித்தை என்று விடுதிப் பெயர்களிலேயே பல சனமும் கலந்திருந்தது. பருத்தித்துறைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் உயிர்.

ஆனால் நான் போன நேரத்தில் கலைப்பீடத்தின் பாடமொழி மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் விலக, சிங்களமும் தமிழும் வந்தன. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தாய்மொழியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அதனால்தான் திறந்தது. அது நியாயமான மாற்றம், அதை நான் குறைசொல்ல மாட்டேன். அதே மாற்றத்தால் ஒரே பாடத்தைப் படிக்கும் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் வேறு வேறு வகுப்பில் இருந்தோம். நாளெல்லாம் படித்தாலும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே எங்களைச் சேர்த்துவைக்கும் வேலை முழுவதும் வகுப்புக்கு வெளியே வந்து விழுந்தது. சாப்பாட்டு மண்டபம், விளையாட்டுத் திடல், சங்கக் கூட்டம், கோயில், திறந்தவெளி அரங்கு, இவைதான் அந்த வேலையைச் செய்தன.

என் அறைத்தோழன் மாத்தறைக்காரன். அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டுமே. ஒரு மாலை, “வா மச்சாங்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மலைச்சரிவில் குடைந்த அந்தத் திறந்தவெளி அரங்கில், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’. 1956இல் கொழும்பில் முதன்முதலாக மேடையேறிய நாடகம், அதற்குள் சிங்கள நாடகத்தின் போக்கையே திருப்பிவிட்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் மத்தளமும் ஆட்டமும் பாட்டின் போக்கும் சின்ன வயதில் கோயில் வீதியில் விடிய விடியப் பார்த்த கூத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தின.

காரணம் பிறகு தெரிந்தது. சரச்சந்திர அடித்தளமாக எடுத்துக்கொண்ட ‘நாடகம்’ என்ற பழைய சிங்கள ஆட்டமுறை, தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து வளர்ந்தது. நம்மிடமிருந்து போனது அங்கே பட்டதாரிகளின் மேடையில் மரியாதையோடு நின்றது. நம்மவரில் படித்தவர்களோ கூத்தைப் படியாதவர் பொழுதுபோக்கு என்று தள்ளிவைத்திருந்தார்கள். தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன் இதைக் கண்டார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று போய்க் கூத்துகளைப் பார்த்தார், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை மதித்தார், பல்கலைக்கழக மாணவரையே ஆட வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த சில ஆண்டுகளில் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’. இரவு முழுக்க ஆடும் கூத்தை நகரத்து மேடைக்கு ஏற்ற நேரத்துக்குள் அடக்கினார். ஆட்டத்தின் வேகத்தையும் தாளத்தையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இராவணேசனை எழுதி, இராவணனாகவும் ஆடிய மௌனகுரு அப்போது எங்களைப் போல ஒரு மாணவர்.

ஒத்திகை நடக்கும் பின்னேரங்களில் நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் மட்டக்களப்புப் பொடியளிடம் காலடி வைக்கக் கற்றார்கள். யார் பெரியவர், எந்த ஊர் உயர்ந்தது என்ற கணக்கெல்லாம் சலங்கை கட்டியதும் மாறிவிடும். தமிழருக்குள்ளேயே இருந்த அந்தத் தூரத்தைக் குறைத்ததும் பேராதனைதான். இதைச் சொல்லாமல் சிங்கள–தமிழ் உறவை மட்டும் பேசுவது பாதிக் கதை. மாத்தறைக்காரனும் வந்து எங்களோடு நிற்பான். அவனுடைய நாடகத்தைப் பார்த்து எங்கள் ஆசிரியர் எழுந்தார், எங்கள் கூத்தைப் பார்த்து அவன் கைதட்டினான். இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் எந்தப் பாராளுமன்றத் தீர்மானத்தாலும் நடந்திருக்காது.

பக்தியும் அப்படித்தான் பழகிற்று. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹரா வரும். தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்ற நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து வரும். பத்தினி நம்முடைய கண்ணகி. கதிர்காம தெய்யோ நம்முடைய முருகன். வீதியோரம் நின்று கைகூப்பும் சிங்களக் கிழவிக்கும் எனக்கும் நடுவே எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

ஒரு விடுமுறையில் அறைத்தோழனின் வீட்டுக்குப் போய், அவனுடைய அம்மாவின் நேர்த்திக்காகக் குடும்பத்தோடு கதிர்காமம் போனோம். அங்கே திரைச்சீலைதான் தெரியும், மூர்த்தம் தெரியாது. பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். அதே புனித பூமியில் கிரி விகாரை, சற்றே நடந்தால் பள்ளிவாசல். அந்த அம்மா சிங்களத்தில் முணுமுணுத்து வேண்டினார், நான் திருப்புகழ் சொன்னேன். என் சமயம் அன்றைக்குச் சிறுத்துப் போகவில்லை, இன்னும் ஆழமாக எனக்குள் இறங்கிற்று. அடுத்தவர் பக்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நம்முடையது கரைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

பிறகு வந்த ஆண்டுகளை நீட்ட விருப்பமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்தது. அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தெற்கில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் புத்தகங்களை விட்டுவிட்டு வடக்கே திரும்பினார்கள். 1990இல் யாழ்தேவியும் நின்றது. இருபத்து நான்கு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. அறைத்தோழனின் கடிதங்கள் வந்த காலமும் உண்டு, வராத காலமும் உண்டு.

2014இல் ரயில் மறுபடி வந்தது. பேத்தியைப் பார்க்க, அந்தக் காலத்தைப் போலவே பொல்காவலையில் இறங்கி ரயில் மாறிப் போகிறேன். அவளுடைய பேராதனை வேறு. பொறியியல் பாடம் எல்லோருக்கும் ஆங்கிலத்தில், எல்லோரும் ஒரே வகுப்பில். எனக்குக் கிடைக்காத அந்தப் பாக்கியம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் வருடம் முடிய முன்னரே சிங்களம் பேசப் பழகிவிட்டாள். அவளுடைய செய்முறைக் குழுவில் குருநாகலைப் பிள்ளை, காத்தான்குடிப் பிள்ளை, ஹற்றன் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை. என் காலத்தில் மலையகத்திலிருந்து பேராதனைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த விடுதிகளில் இருக்கிறார்கள். வளாகத்தில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் தருவது இதுதான்.

“அப்பப்பா, இண்டைக்கு வெள்ளி. குறிஞ்சிக் குமரனிட்டைப் போவமே?” என்று கேட்டாள். மலைமேல் இருக்கும் வளாகக் கோயில். இந்து மாணவர் சங்கப் பிள்ளைகள் தேவாரம் படித்தார்கள், பொங்கல் பரிமாறினார்கள். அவளோடு வந்த குருநாகலைப் பிள்ளை திருநீறு பூசிக்கொண்டு வரிசையில் இருந்தாள். நோன்பு காலத்தில் இவர்கள் போய்க் கஞ்சி குடிக்கிறார்கள், வெசாக் தன்சலில் நின்று பரிமாறுகிறார்கள், மார்கழியில் கரோல் பாடப் போகிறார்கள்.

நோவதற்கும் விஷயம் உண்டு. 1998இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் பகிடிவதை ஓயவில்லை. அது உடலையும் மனதையும் நொறுக்குவது ஒருபுறம். புதிதாக வரும் பிள்ளையை அதன் சொந்த மொழிக் கூட்டத்துக்குள் அடைத்துவைப்பது இன்னொருபுறம். தமிழ் மாணவரைத் தமிழ் மூத்தவர்கள் வளைக்கிறார்கள், சிங்கள மாணவரைச் சிங்கள மூத்தவர்கள். ‘அங்கே சேராதே, அந்தச் சங்கத்துக்குப் போகாதே’ என்ற கட்டளைகளோடு முதல் மாதங்கள் கழிகின்றன. மனம் மிகவும் திறந்திருக்கும் மாதங்கள் அவை. ஒரே வகுப்பில் இருத்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று. குருநாகலைப் பிள்ளைக்கு மனமே பாட்டுகள் வரிவரியாகத் தெரியும். “உங்கடை ஆக்களிட்டையும் இப்பிடி இருக்குதாமே, ஆடிக் காட்டன் எண்டு கேக்கிறாள், அப்பப்பா. நான் ஒரு கூத்தும் முழுசாப் பாத்ததில்லை” என்றாள் பேத்தி. போரும் இடப்பெயர்வும் தின்ற இரண்டு தலைமுறையின் இடைவெளி அந்தக் கேள்வியில் இருந்தது. கர்ணன் போர் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அன்று இரவு சொன்னேன்.

போன மாதம் மகன் தொலைபேசியில் குறைப்பட்டான். பிள்ளை நாடகக் குழு, கோயில், மலையேற்றம் என்று திரிகிறாளாம், நான் தடுத்துச் சொல்ல வேண்டுமாம். “தம்பி, அவளுக்கு நான் மட்டக்களப்பில் ஒரு அண்ணாவியார் வீட்டு நம்பர் குடுத்திருக்கிறன். லீவுக்கு நாலு பிள்ளையளும் வடமோடிக் கூத்துப் பழகப் போகினம். பயணக் காசு நான் அனுப்பிவிட்டன்” என்றேன்.