மெதுவா ஓடு மாப்ளே, ஆடு பின்னால வருது

வா மாப்ளே, வா. ஏன் படியில நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்குற? கயித்துக் கட்டில் வேணாம், அதுல உக்காந்தா உன்னைத் தூக்கி விட நாலு ஆள் தேடணும். இந்தத் திண்ணையில உக்காந்து காலைத் தொங்கப் போடு. எங்க அக்கா வெந்நீரும் கல்லுப்பும் எடுக்க உள்ள போயிருக்கா. 52 வயசு மகனுக்கு 78 வயசுத் தாய் ஒத்தடம் குடுக்குற காட்சியைப் பாக்க எனக்குக் குடுத்து வச்சிருக்கு.

காலையில நீ பண்ணுன கூத்து ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. மாட்டுப் பொங்கலும் அதுவுமா நாங்க மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிச்சிக்கிட்டு இருக்கோம். கொம்புல அடிச்ச வர்ணத்தைவிடப் பளிச்சுன்னு ஒரு பனியனை மாட்டிக்கிட்டு நீ ஓடைப் பாலத்தைப் பாக்க ஓடுற. டீக்கடைக்காரம்மா கையில வச்சிருந்த வடிகட்டியோட தெருவுக்கே வந்துட்டா. “ஐயா, ஒங்க மருமகன் இந்த ஓட்டம் ஓடுறாரே, யாருக்கு என்ன ஆச்சு?”ன்னு கேக்கா. நம்ம ஊர்ல மனுசன் ஓடுனா ஒண்ணு பஸ்ஸு வந்திருக்கணும், இல்ல பயிர்ல மாடு எறங்கியிருக்கணும். உடம்புக்கு நல்லதுன்னு ஓடுறான்னு அவளுக்கு வெளங்க வைக்கிறதுக்குள்ள என் டீ ஆறிப் போச்சு. பால்காரப் பையன் பாவம், டிவிஎஸ் 50-ஐ ஓரங்கட்டி “ஏறுங்க சார், விட்டுர்றேன்”னான். நீ பெரிய இவன் மாதிரி வேணாம்னு கையை ஆட்டிக்கிட்டே போன. போறப்ப வேணாம்னவன், வர்றப்ப அதே வண்டியில ரெண்டு பால் கேனுக்கு நடுவுல உக்காந்து வந்து எறங்குன. தெருநாயிகூட குரைக்கலையே, கவனிச்சியா? பரிதாபப்பட்டுருச்சுக.

நான் ஆட்டைப் பத்திக்கிட்டு ஓடைப் பாலத்துக்கு வாரேன், நீ வேப்பமரத்தைக் கட்டிப் பிடிச்சு நிக்க. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி நெஞ்சு ஏறி எறங்குது. “என்ன மாப்ளே?”ன்னேன். “ஆங்”ன்ன. “தண்ணி வேணுமா?”ன்னேன். “ஆங்”ன்ன. “கெணறு தூர் வார ஒங்க பேங்குல வட்டியில்லாம லோன் போட்டுத் தருவியா?”ன்னேன். அதுக்கும் “ஆங்”ன்ன. வாக்குக் குடுத்துட்ட, நாள் கெழமை பாத்து வந்து வாங்கிக்கிறேன்.

இதுல உனக்கு ஒரு பாடம் இருக்கு, அதைச் சும்மாவே தாரேன். ஓடும்போது வாயிலருந்து முழுசா ஒரு பேச்சு வரணும். பக்கத்துல வர்றவன்கிட்ட சம்பந்தி வீட்டுக் கதையை மூச்சு வாங்காமச் சொல்ல முடிஞ்சா அதுதான் உனக்கான வேகம். “ஆங்” மட்டும் வந்தா நீ ஓடல, உன்னை யாரோ வெரட்டுறாக. உன் கையில கட்டியிருந்த வாட்சு வேற கூவுச்சே, 172-ன்னு. 220-ல வயசைக் கழிச்சா நெஞ்சு நிமிசத்துக்கு அதிகபட்சம் எத்தனை அடி அடிக்கும்னு ஒரு குத்துமதிப்புக் கணக்கு வருமாம். உனக்கு 168. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு முன்னப் பின்ன இருக்கும், அது வேற. ஆனாலும் கணக்குல இருக்கிறதைவிடக் கூட எடுத்தா ஒங்க பேங்குல அதுக்கு என்னமோ பேர் வச்சிருப்பீகளே, ஓவர்டிராப்டா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காத. பேத்தி பிசியோதெரபி மூணாம் வருசம் படிக்கா. பரீச்சைக்கு மனப்பாடம் பண்ணுறதுக்கு என்னை எதுக்க உக்கார வச்சுத்தான் ஒப்பிக்கா. அவளுக்கு மார்க்கு, எனக்கு வைத்தியம்.

சரி, ஏன் அம்புட்டு வேகம்? எனக்குத் தெரியும்லே. 1993-ல காலேஜ்ல நூறு மீட்டர் ஓடி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்குன. அந்த டம்ளர்ல எங்க அக்கா இப்ப அரிசி அளக்கா. நீ மட்டும் இன்னும் அதுலயே தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்க. போதாக்குறைக்கு மதுரையில உன் செட்டு ஆளுக அஞ்சு பேரு, தெனமும் எத்தனை கிலோமீட்டர் எத்தனை நிமிசம்னு வாட்ஸ்அப்புல போட்டு ஒருத்தன் வயித்தெரிச்சலை ஒருத்தன் வாங்குறீக. உன் வீட்டுக்காரிதான் சொன்னா. பெருவெரல் நகம் கறுத்துப் போயிருக்குன்னும் சொன்னா, அதுக்குப் பெறகு வருவோம்.

தொழுவுல நாலு மாசம் சும்மா கெடந்த காளையை மொத நாளே பொழுதுக்கும் ஏர்ல பூட்டுனா என்ன ஆகும்? காளை இழுக்கும், அதுக்கென்ன, அதுக்கும் ஒரு ரோசம் உண்டு. மறுநாள் பாத்தா நுகத்தடி பட்ட எடத்துல கழுத்துப் புண்ணு. அதனாலதான் எங்கய்யா மொத வாரம் வெயிலேறும் முன்ன ரெண்டு சால் ஓட்டிட்டு அவுத்துருவாரு. காளைக்கு வலுவு பத்தாதுன்னு இல்ல, தோலு காய்ப்பு ஏறணும். உன் கதையும் அதான். மூச்சும் நெஞ்சும் ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல பழகிரும். அது பழகுனதும் நீ ராசா ஆகிட்டதா நெனைச்சு வெரசலா ஓடுவ. ஆனா கெண்டைக்காலையும் குதிகாலையும் சேத்துக் கட்டியிருக்கே ஒரு கெட்டி நாண், அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி. அது பலப்பட மாசக்கணக்குல ஆகும். நெஞ்சு போகச் சொல்லுது, காலு இருடாங்குது. அந்த இடைவெளியில விழுந்துதான் உன்னை மாதிரி ஆளுக எல்லாம் நொண்டுறாக. காலையில கட்டில்லருந்து மொத அடி வைக்கையில குதிகால்ல முள்ளுக் குத்துனாப்ல இருந்துச்சுன்னு போன மாசம் சொன்னியே, அது முள்ளு இல்ல, அவசரம்.

ஒரு நிமிசம் ஓடு, ரெண்டு நிமிசம் நட. திரும்ப ஒரு நிமிசம் ஓடு. இப்படி அரை மணி, ஒருநாள் விட்டு ஒருநாள். நடக்குறதை ஊர் பாத்தா கேவலமா இருக்குமேன்னு யோசிக்காத. ஊர் உன்னைப் பால் கேனோட பாத்தாச்சு, அதுக்கு மேல கேவலம் எங்க இருக்கு?

உங்க அத்தை ஒரு பக்கம் கெடந்து புலம்புறா, ஓடுனா மூட்டு தேஞ்சிரும்னு. அவ மூட்டு எதுல தேஞ்சுச்சு, சீரியல் பாத்தா? பேத்தி ஒரு கணக்குச் சொன்னா. 2017-ல பல ஆய்வுகளை ஒண்ணாச் சேத்துப் பாத்திருக்காக. பொழுதுபோக்கா ஓடுறவுகள்ல நூத்துக்கு 3.5 பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம். ஓடாம உக்காந்தே இருக்கிறவுகள்ல 10.2. உங்க அத்தைகிட்ட இதோட நிறுத்திக்கிட்டேன். உனக்கு மட்டும் மிச்சத்தையும் சொல்றேன்: போட்டி போட்டியா ஓடுறவுகளுக்கு 13.3. மூட்டு கெட்டவன் ஓடவே மாட்டான்ல, அதனால இந்தக் கணக்கை அப்படியே முழுங்கக் கூடாதுன்னும் அவளே சொன்னா. இருந்தாலும் உன் வாட்ஸ்அப்பு செட்டுக்கு அந்த மூணாவது நம்பரை அனுப்பி வை.

உக்காரு, எங்க எந்திரிக்க? ஒத்தடம் இன்னும் ஆறல. ஆஸ்திரேலியாவுல ஒரு சம்சாரி இருந்தாரு, கிளிஃப் யங்குன்னு. உருளைக்கெழங்கு போடுறவரு. 1983-ல சிட்னியிலருந்து மெல்போர்ன் வரைக்கும் 875 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வச்சாக. நம்ம கோவில்பட்டியிலருந்து மெட்ராஸுக்குப் போயி, பாதி தூரம் திரும்பி வர்றாப்லன்னு வச்சுக்கோ. வந்தவுகள்ல பெரும்பாலும் வாட்டசாட்டமான எளவட்டங்க. இவருக்கு வயசு 61. பொய்ப்பல்லு ஓடுறப்ப கடகடன்னு ஆடுதுன்னு அதைக் கழட்டி வச்சிட்டு வந்தாரு. சின்ன வயசுலருந்து ஆட்டு மந்தையைக் காலாலயே ஓடி மடக்குன மனுசன். காலை ஒசரத் தூக்க மாட்டாரு, தரையோட தேச்சாப்ல ஒரு நடை, ஓட்டம்னும் சொல்ல முடியாது. வெடிவெடிச்சாப்ல எளவட்டங்க பறந்துட்டாக. ராத்திரி ஆச்சு, அவுக படுத்துட்டாக. இவரு தூக்கத்தைக் கொறைச்சுக்கிட்டுத் தேச்சுக்கிட்டே போறாரு. 5 நாள் 15 மணி 4 நிமிசம். மொதல் ஆளு அவருதான். 10,000 டாலர் பரிசு. அதையும் கூட ஓடுனவுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாரு. அந்தத் தேய்ப்பு நடையை நெடுந்தூரம் ஓடுறவுக சில பேரு பழகிக்கிட்டாகளாம். நான் நாப்பது வருசமா ஆட்டுக்குப் பின்னால அப்படித்தான் போறேன், எனக்கு எவனும் பத்து ரூவா தரல.

ஃபௌஜா சிங்கு கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும். பஞ்சாப்ல ஜலந்தர் பக்கத்து ஊர்க்காரரு, 1911-ல பெறந்தவரு. அஞ்சு வயசு வரைக்கும் நடையே வராத புள்ள. மகனைப் பறிகுடுத்த துக்கத்துல, இங்கிலாந்துக்குப் போயித்தான் ஓட்டத்தைப் புடிச்சாரு. 89 வயசுல லண்டன்ல மொத மாரத்தான். 2011-ல நூறு வயசுன்னு சொல்லி டொராண்டோவுல 42 கிலோமீட்டரை 8 மணி 11 நிமிசத்துல முடிச்சாரு. கின்னஸ்காரன் ஒத்துக்கல. பெறப்புச் சர்டிபிகேட் கொண்டான்னான். 1911-ல பஞ்சாப் கிராமத்துல எவன் சர்டிபிகேட் குடுத்தான்? எனக்குக்கூட ஜூன் 1-ன்னுதான் பள்ளிக்கூடத்துல எழுதியிருக்கு. வாத்தியார் போட்ட தேதி. எங்க வகுப்புல பாதிப் பேருக்கு அன்னைக்குத்தான் பெறந்த நாளு. நான் நூறு வயசுல ஓடுனாலும் கின்னஸ்ல வராது, அந்தக் கவலை எனக்கு விட்டுது.

ஆனா அந்த மனுசன் போனது எப்படி? 2025 ஜூலையில, 114 வயசுல, சொந்த ஊர்ல ரோட்டுல போறப்ப கார் அடிச்சு. நெஞ்சு நிக்கல, மூட்டு தேயல. அதனால நீ வலப்பக்கமா ஓடு. எதுக்க வர்ற வண்டி உன் கண்ணுக்குத் தெரியணும். இன்னைக்கு இருட்டோட இடப்பக்கமா, காதுல பாட்டைச் சொருகிக்கிட்டு ஓடுன. லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அதுவும் பாட்டுல ஒரு தாளம்னு நெனைச்சிருப்ப. அந்தப் பளிச் பனியனை மட்டும் விட்டுராத, அதுக்கு இப்ப ஒரு உபயோகம் வந்துருச்சு.

டாக்டரைப் பாத்தியா? பாக்கல. கார் வாங்குனா மாசாமாசம் சர்வீசுக்கு விடுற. 52 வருசமா ஓடுற நெஞ்சுக்கு ஒரு ஈசிஜி எடுக்கலை. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் திங்கிற ஆளு நீ. மதுரைக்குப் போனதும் மொத சோலி அதான். ஓடுறப்ப நெஞ்சை அமுக்குனாலோ, தாடை, எடது கை வலிச்சாலோ, தலை சுத்துனாலோ அங்கயே நின்னுரு, ரோசம் பாக்காத. சட்டைப் பையில கொஞ்சம் குளுக்கோஸ் வச்சுக்கோ. நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடெல்லாம் 2020-லயே வந்துருச்சு, பெருமைதான். ஆனா சர்க்கரை எறங்கித் தள்ளாடுறப்ப கடலை மெதுவாத்தான் வேலை செய்யும். அதை வீட்டுக்கு வந்து தின்னுக்கோ.

இப்ப அந்தக் கறுத்த நகம். சப்பாத்து வாங்குறப்ப காலையில கடை தொறந்ததும் போயிருப்ப. சாயங்காலம் போகணும், அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கி அதோட நெசமான அளவுக்கு வந்திருக்கும். வெரலுக்கு முன்னால ஒரு கட்டைவெரல் அகலம் காலியா இருக்கணும். மாட்டுக்கு லாடம் கட்டுறவன்கூட குளம்பு அளவுக்கு லாடத்தைத் தட்டி வளைப்பான். நீ லாடம் அழகா இருக்குன்னு அதுக்குள்ள குளம்பை அமுக்குற. ஐநூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஓடிட்டா அடிப் பஞ்சு செத்துப் போகுமாம். பாக்க நல்லாத்தான் இருக்கும், அமுக்குனாத் தெரியும், பழைய இட்லி மாதிரி.

அதான் சொல்ல வந்தேன். போன தீவாளிக்கு ஒரு ஜோடியை இங்க விட்டுட்டுப் போனியே, நீலக் கலரு. அக்கா பரணெல்லாம் தேடிக்கிட்டு இருக்கா. தேட வேணாம்னு சொல்லிரு. அதுல அடிப் பஞ்சு செத்தே போச்சு, வலது காலு பெருவெரல் பக்கம் கிழிஞ்சும் போச்சு. எப்படிக் கிழிஞ்சுச்சுன்னு கேக்காத. வெள்ளாடுக ரெண்டு இப்பல்லாம் முன்ன மாதிரி மெதுவாப் போக மாட்டேங்குது, நான் என்ன செய்ய? அடுத்த தடவை வர்றப்ப ஜாங்கிரி வாங்கியாராத. எட்டாம் நம்பர், முன்பக்கம் அகலமானது, செருப்பே போடாம வளந்த காலு பாத்துக்கோ. கலர் பளிச்சுன்னு வேணாம், அழுக்குத் தெரியாத கலராப் பாத்து வாங்கு. உங்க அத்தை காதுக்குப் போக வேணாம். டீக்கடைக்காரம்மா காதுக்கு அதைவிட வேணாம்.