965-ஆம் இலக்கப் பேணி

சுங்கான் பற்றியும் புகையிலை பற்றியும் சப்ரகமுவ வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஒரு புகையிலை கடைக்கு வருவது நின்றுவிட்டது என்பதற்காகச் சுங்கான் பிடிப்பவர்கள் ஒப்பாரி வைத்தார்களாமே, உண்மையா? சாவு வீட்டுக்குக்கூட இப்போது அத்தனை பேர் அழுவதில்லையே! (வாசகர், நிவித்திகல)

உண்மைதான். நின்றுபோனது டன்ஹில் என்ற பெயரில் வந்த சுங்கான் புகையிலை. அல்பிரட் டன்ஹில் என்பவர் 1907-இல் லண்டன் டியூக் வீதியில் திறந்த கடையில் பிறந்த பெயர் அது. 1941-இல் ஜெர்மன் விமானங்களின் குண்டு அந்தக் கடையைத் தரைமட்டமாக்கியது. அப்போதும் வியாபாரம் நிற்கவில்லை. குண்டு செய்யாததை ஒரு கம்பனியின் முடிவு செய்தது. பெயருக்கு உரிமை கொண்டிருந்த பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சுங்கான் புகையிலையைக் கைவிட, 2018-இல் அது கடைகளிலிருந்து மறைந்தது.

பழக்கப்பட்டவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. செய்தி காதில் விழுந்ததுமே பேணி பேணியாக வாங்கி அடுக்கினார்கள். மூடி திறக்காத தகரப் பேணியில் புகையிலை வருடக்கணக்காகக் கெடாது; சில இலைகள் பழகப் பழக இன்னும் மெருகேறும். அதனால் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்ற கணக்கு அவர்களுக்கு ஒத்துவந்தது. பிந்தியவர்கள் கைமாறி வந்த பேணிக்கு இரட்டிப்பும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். முப்பது வருடமாக ஒரே கலவையை ஊதியவருக்கு வேறு கலவை வாயில் ஒட்டாது. அதைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

இலை என்றால் இலைதானே. ஒன்று போனால் இன்னொன்றை நிரப்ப வேண்டியதுதானே? (வாசகர், பெல்மதுளை)

தேயிலை மலையிலிருந்து வரும் கேள்வி என்பதால் பதிலையும் அங்கிருந்தே எடுக்கலாம். கடையில் வாங்கும் தேயிலைப் பக்கற்றுக்குள் பல தோட்டத்துத் தூள் இருக்கிறது. எந்தத் தோட்டத்துத் தூளை எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சுவை பார்க்கிறவரின் நாக்குத்தான் தீர்மானிக்கிறது. சுங்கான் புகையிலையும் அப்படிக் கலந்து செய்வதுதான்.

டன்ஹில் கடைக்கு வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த கலவையைச் சொல்லிச் செய்வித்தார்கள். ஒவ்வொருவரின் அளவும் ஒரு பேரேட்டில் இலக்கமிட்டு எழுதப்பட்டது. ‘மை மிக்ஸ்சர் 965’ என்று உலகம் முழுதும் விற்ற பேணியின் பெயர் அந்தப் பேரேட்டு இலக்கத்திலிருந்து வந்தது. யாரோ ஒருவரின் தனி ருசி, நூறு நாட்டில் இருப்பவர்களின் மாலை நேரமாக மாறியது. ‘ஏர்லி மோர்னிங் பைப்’ காலைக்கு. ‘நைட்கப்’ இரவு படுக்கப் போகுமுன். நாளின் இரு முனைக்கும் பேணி வைத்திருந்த கடை அது.

இலைகளும் ஒன்றுபோல் இல்லை. வெர்ஜீனியா இலையைச் சூட்டுக் காற்றில் உலர்த்துவார்கள். அதில் இனிப்பு தங்கும். கிழக்கத்திய இலை வெயிலில் காயும். அமெரிக்காவின் லூசியானாவில் ‘பெரிக்’ என்ற இலையைப் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கிறார்கள். சிரியாவின் துறைமுகப் பட்டினத்தின் பெயரையே தாங்கிய ‘லதாகியா’ இலையை விறகுப் புகையில் தொங்கவிட்டுக் கறுக்க வைப்பார்கள். இப்போது அது சைப்பிரஸ் பக்கத்து இலையிலேயே பெரும்பாலும் செய்யப்படுகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது புதுமையாக இருக்காது. அங்கேயும் தேங்காய்ப் பொச்சைப் புகைத்துத்தான் இலையைப் பதப்படுத்துகிறார்கள். இவற்றில் ஒன்று கிடைக்காமல் போனாலும், ஒன்றின் அளவு மாறினாலும், பழைய புகை திரும்பி வராது.

அவ்வளவு பேர் விரும்பினால் கம்பனி ஏன் நிறுத்தியது? நட்டமா? (வாசகர், காவத்தை)

‘அவ்வளவு பேர்’ என்பது சுங்கான்காரர்களின் கணக்கு. கோடிக்கணக்கில் சிகரட் விற்கிற நிறுவனத்துக்கு அது தூசு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயர் வைத்திருந்தவர்களும் புகையிலையைக் கலந்தவர்களும் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். 1981-இல் கலக்கும் வேலை வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலிருந்த மரே ஆலைக்குப் போனது. அந்த ஆலை மூடியபின் டென்மார்க்குக்குப் போனது. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும் பழக்கப்பட்டவர்கள் “முன்னைப்போல இல்லை” என்று முகம் சுளித்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள். கடைசியில், செய்யத் தெரிந்த கைகள் ஓரிடத்தில் இருந்தன, நிறுத்தும் அதிகாரம் வேறோரிடத்தில் இருந்தது.

இலங்கை வாசகர் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இது. 1906-இல் தொழிலைத் தொடங்கி 1932-இல் கம்பனியாகப் பதிவான சிலோன் டொபாக்கோ கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் அதே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கையில் இருக்கின்றன. டன்ஹில் என்ற பெயரில் அந்தக் கம்பனி இங்கே சிகரட் விற்றது. சுங்கானுக்கு வேண்டாம் என்று விட்ட பெயர், சிகரட் பெட்டிக்கு மட்டும் வேண்டியிருந்தது. சிகரட் ஐந்து நிமிடத்தில் முடியும், உடனே அடுத்ததைக் கேட்கும். சுங்கான்காரரோ ஒரு பேணியை வாரக்கணக்கில் வைத்திருப்பார். கம்பனிக்கு எவர் நல்ல வாடிக்கையாளர் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு அது திரும்பி வந்துவிட்டதாமே? அப்படியானால் அடுக்கி வைத்தவர்கள்? (வாசகர், கலவானை)

அடுக்கி வைத்தவர்களிடம் பேணி நிறைய இருக்கிறது.

2019-இல் பீட்டர்சன் என்ற பெயர் ஒட்டி அதே கலவைகள் மறுபடி வந்தன. பீட்டர்சன் என்பது அயர்லாந்தின் டப்ளினில் 1865-இலிருந்து சுங்கான் செய்து பேர் வாங்கிய கடை. டன்ஹில் புகையிலையைக் கலந்துகொடுத்த ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குழுமம், பீட்டர்சனின் புகையிலைப் பெயரை 2018-இல் தன்வசமாக்கியது. 965 அதே 965-ஆக, ‘நைட்கப்’ அதே ‘நைட்கப்’பாக வந்தது. மூடியில் இருந்த எழுத்துத்தான் வேறு. புதியதும் பழையதும் ஒன்றா என்று சுங்கான்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கலந்த கை ஒன்றே என்பதால், ஒன்று என்று சொல்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். பழைய பேணியில் கூடுதலாக இருப்பது வயது.

எல்லாமே இப்படித் திரும்புவதில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1977-இல் தொடங்கிய மக்லெலண்ட் புகையிலைக் கம்பனியும் அதே 2018-இல் மூடியது. அவர்கள் சொன்ன காரணம் வேறு. தங்கள் தரத்துக்கு ஏற்ற இலை இனிப் போதிய அளவில் கிடைக்காது என்றார்கள். மட்டமான இலையைப் பழைய பேணியில் போட்டு விற்றிருந்தால் பெயரின் பலத்தில் இன்னும் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. இரண்டு மூடல்களில் மரியாதைக்குரியது இதுதான்.

எங்கள் தோட்டத்தில் துரைமார் சுங்கான் பிடித்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். தொழிலாளிக்கு ஏன் அந்தப் பழக்கம் தொற்றவில்லை? (வாசகர், எட்டியாந்தோட்டை)

நேரம் இல்லை.

ஒரு சுங்கானை நிரப்பி, அழுத்தி, பற்ற வைத்து, அணைந்தால் மறுபடி பற்ற வைத்து, ஊதி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரு கை அதற்கே வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போய், பின்னால் கூடையோடு மலையேறி, இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு வாய் மட்டும்தான் சும்மா இருந்தது. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை. கையைக் கேட்காது, நேரத்தைக் கேட்காது. பசியையும் குளிரையும் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும். ஆண்களுக்குச் சுருட்டும் பீடியும். சப்ரகமுவ நகரங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக் கடைகளை வயதானவர்கள் இன்னும் அடையாளம் சொல்வார்கள்.

காணிச் சீர்திருத்தம் 1972-இலும் 1975-இலும் வந்தபின் வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். சுங்கானும் அவர்களோடு போய்விட்டது. வெத்தலைப் பை லயத்திலேயே தங்கிவிட்டது.

தமிழர் புகையிலைக்கும் இப்படிச் சந்தை போன கதை உண்டா? (மாணவர், கேகாலை)

உண்டு, அதுவும் பெரிய கதை. திருவிதாங்கூர்க்காரர்களுக்கு மெல்லுவதற்கு யாழ்ப்பாணத்து இலைதான் வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோணிகளில் அது போனது. திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்துக் கஜானாவை நிரப்பியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அந்த இலையில் வாழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சந்தை கைவிட்டுப் போனது. இலையின் தரத்தில் குறை எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் பழகிய நாக்குகளும் இந்தப் பக்கத்தில் பழகிய கைகளும் இருந்தபடியே இருந்தன. நடுவில் வரியும் எல்லையும் மாறின, அவ்வளவுதான்.

இன்னொன்று திருச்சிராப்பள்ளிச் சுருட்டு. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிபவர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அந்தப் பெயர் அங்கே பழகியிருந்தது. இன்று திருச்சியிலேயே அதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

புகையிலையே நஞ்சு. அதில் ஒன்று நின்றால் கைதட்ட வேண்டியதுதானே? அனுதாபம் எதற்கு? (ஆசிரியை, தெரணியகல)

நஞ்சு என்பதில் ஆசிரியையோடு வாதாட ஒன்றுமில்லை. சுங்கான்காரர் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்பது பழைய சமாதானம், அது உண்மையல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் அவரையும் தேடி வருகின்றன. ஒரு சமையற்காரரின் கைப்பக்குவம் மறைந்தால் வருந்துவதுபோல ஒரு கலவை மறைந்ததற்கும் வருந்தலாம். அந்த வருத்தத்தை வைத்து யாரும் புதிதாகப் பற்ற வைக்கத்தான் கூடாது.

இலங்கையின் சட்டம் பலமானது. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2015-இலிருந்து சிகரட் பெட்டியின் 80 சதவீதத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை மூடுகிறது. 2016-இல் புகையில்லாப் புகையிலைக் கலவைகளும் மின்சிகரட்டும் தடையாயின. பைக்கற்றில் வந்த வாசனைக் கலவைகள் அந்தத் தடைக்குள் அடங்கின.

ஆனால் தோட்டத்தில் வெத்தலைப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். போயிலை சேர்க்காத வெத்தலைக் கூட்டும் புற்றுநோய் தரும், பாக்கே அதற்குப் போதும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே முடிவு சொன்னது. பாக்கு மெல்ல மெல்லக் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும் நோயும் உண்டு. சோற்றுக் கவளம் நுழைய வழியில்லாத நாளில்தான் பலர் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

965-க்காக வருந்தியவர்களுக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைத்தது, ஒரு வருடத்தில் மாற்றுப் பேணியும் கிடைத்தது. வெத்தலையை விட நினைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு வேண்டியது மிகச் சிறியது: தோட்ட வைத்திய நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லும் ஒருவர். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதைத் தோட்ட நிர்வாகங்களிடமும் சங்கங்களிடமும் உரத்துக் கேட்க வேண்டும்.

தாத்தா துரை பங்களாவில் அப்புவாக இருந்தார். போகும்போது துரை கொடுத்த சுங்கான் ஒன்று வீட்டில் கிடக்கிறது. எறிந்துவிடலாமா? (வாசகி, இறக்குவானை)

எறிய வேண்டாம். கிண்ணம் மரமானால் அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரச் செடியொன்றின் வேர்க்கட்டையில் கடைந்ததாக இருக்கும். ‘பிரையர்’ என்பார்கள், சூட்டில் லேசில் கருகாது. வாய்க்குழாயின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அது டன்ஹில் கடைச் சுங்கானாக இருக்க வாய்ப்பு அதிகம். கிண்ணத்தை அடுத்த தண்டில் பொறித்த எழுத்துகளோடு ஒரு குட்டி இலக்கமும் இருக்கலாம். அதைக் கொண்டு செய்த வருடத்தையே சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள். மண் துடைக்கும் ஆர்வத்தில் அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் அந்த எழுத்து அழிந்துபோகும். காய்ந்த மெல்லிய துணி போதும். தாத்தாவின் பெயரையும், வேலை செய்த தோட்டத்தையும், கிடைத்த வருடத்தையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிட வேண்டும். துரைமாரின் பெயர்கள் கம்பனிப் பதிவேடுகளில் இருக்கின்றன. அப்புமாரின் பெயர்களை வீட்டார்தான் எழுதி வைக்க வேண்டும்.