பெரட்டுக்கு நேரமாச்சு

மலேசியாவில் எங்கள் சுங்கை பாக்காப் பக்கம் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டால், காலைப் பலகாரம் ஆச்சா என்று பொருள். திருச்சியிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு அது தெரியவில்லை. “பசியாறிட்டீங்களா மாப்ள?” என்றாள் அத்தை. “எனக்குப் பசியே இல்லைங்க அத்தை” என்றார் கூச்சத்தோடு. மனிதர் மத்தியானம் வரை பட்டினி.

அதற்கப்புறம் அத்தை வாயைத் திறந்தாலே என் முகத்தைப் பார்ப்பார். ‘இந்தச் சேலை நாப்பது வெள்ளி’ என்றதை, நாற்பது வாரத் தவணை என்று எடுத்துக்கொண்டாராம். வெள்ளி என்றால் எங்களுக்கு ரிங்கிட். அந்தக் காலத்தில் இங்கே புழங்கியது வெள்ளி டாலர். மலாய்க்காரர் அந்த நாணயத்தின் ரம்ப விளிம்பைப் பார்த்து ‘ரிங்கிட்’ என்றார்கள். நம்மவர் அது எதில் செய்தது என்று பார்த்தார்கள். நகைக்கடைப் புத்தி!

“என்ன இருந்தாலும் கலப்படமில்லாத கிராமத்துத் தமிழ்” என்று மாப்பிள்ளை ஒருநாள் உருகினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை சாலையைச் சொல்லும் ‘சடக்கு’ இந்துஸ்தானி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் அந்த வழியில் வந்தவர்தான். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் போர்த்துகீசிய வம்சம். ரப்பரைக் குறிக்கும் கித்தா, மலாய் ‘கெத்தா’. தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல், கடலில் படகுக்காரர்களுக்குத் தலைவனாக இருந்தவன். கரையேறியும் அதிகாரத்தை விடாமல் மரத்தடியில் நின்று சத்தம் போட்டான்.

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1910இல் அந்த ஒப்பந்தம் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. விடியுமுன் வரிசையில் நிறுத்தி ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு மட்டும் போகவில்லை. அது வெள்ளைக்காரனின் ‘பரேடு’. இன்றைக்கும் கல்யாணத்துக்குக் கிளம்பத் தாமதித்தால், “பெரட்டுக்கு நேரமாச்சு!” என்று வீட்டையே விரட்டுவாள் அத்தை. தோட்ட வேலையை விட்டு எத்தனையோ காலமாயிற்று. தண்டல் மட்டும் அவளுக்குள்ளேயே குடியிருக்கிறான்.

மாப்பிள்ளைக்கு ஜார்ஜ் டவுனைக் காட்டப் போனபோது நாசி கண்டார் கடையில் நீள வரிசை. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் காவடியாகத் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர் என்று விளக்கினேன்; அப்படிச் சுமப்பதுதான் மலாயில் ‘கண்டார்’. அத்தைக்குச் சட்டென்று பிடிபட்டது. தோட்டத்தில் கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால்வாளி தொங்கவிட்டுச் சுமந்த அதே ‘காண்டா’! வலது தோளைத் தடவிக்கொண்டே வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் காண்டா தூக்குனப்ப ஒரு பயலும் பின்னாடி வரிசையில நிக்கலையே!”