சின்ன மோட்டாரை அடக்கப் புகையோடு சில வழிகள்

பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. புகையோ தலைவலியோ வருபவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

முதலில் 9 வோல்ட் சதுர பேட்டரி வாங்குங்கள். மோட்டார் கேட்கும் சில நூறு மில்லி ஆம்பியரை அதனால் வெகுநேரம் கொடுக்க முடியாது. சற்று நேரத்தில் வேகம் தானாகக் குறைந்து, பிறகு நின்றே விடும். செலவில்லாத கட்டுப்பாடு!

அது போதாது என்பவர், பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலை இடையில் தொடராக இணைக்கலாம். பெரும்பாலும் அது 10 கிலோ ஓம் இருக்கும். 6 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் மோட்டார் வெறும் 30 ஓமுக்குச் சமம். ஆகவே குமிழைத் திருப்புங்கள், திருப்புங்கள், ஒன்றும் நடக்காது. கடைசி மயிரிழையில் மோட்டார் துள்ளிக் கிளம்பும். அந்த இடத்தில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காத கார்பன் தடம் கருகும். கனமான ரெசிஸ்டர் போட்டால் கருகாதே என்பீர்கள். சரி, போடுங்கள். சக்கரத்தில் பாரம் ஏறினால் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். கேட்கக் கேட்க ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழும். வண்டிக்கு இழுவை தேவைப்படும் அந்த நேரம் பார்த்து மோட்டார் படுத்துவிடும்.

படித்தவர்களுக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டு இருக்கிறது. மோட்டாரை நேராக அதன் பின்னில் செருகுங்கள். 20 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய, 40-ஐத் தாண்டவே கூடாத பின் அது. சுற்ற விடாமல் பிடித்தால் மோட்டார் ஓர் ஆம்பியர் வரைகூட இழுக்கும். பிறகு போர்டு அமைதியாக இருக்கும்.

பின்னுக்கும் மோட்டாருக்கும் இடையில் யாராவது டிரான்சிஸ்டர் போடச் சொன்னால் போடுங்கள், மோட்டாருக்குக் குறுக்கே போட வேண்டிய டயோடை மட்டும் மறந்துவிடுங்கள். மின்சாரம் அறுந்ததும் மோட்டாரின் சுருள் எதிர் வோல்டேஜை எகிறச் செய்யும். வேகத்தைக் குறைக்க மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பிடபிள்யூஎம் முறைக்கான ஊனோ பின்களில் பெரும்பாலானவை நொடிக்குச் சுமார் 490 தடவை இப்படி அறுத்து அறுத்துக் கொடுக்கும், சுவிட்ச் கிடைத்த குழந்தையைப் போல. ஓரிரு ரூபாய் டயோடை மிச்சம் பிடித்ததற்கு டிரான்சிஸ்டர் கணக்குத் தீர்த்துவிடும். ஆர்டுயினோவின் பேட்டரி, மோட்டாரின் பேட்டரி இரண்டின் மைனஸையும் ஒன்றாக இணைக்காமல் விடுவதும் நல்லது. குற்றம் புரோகிராமில்தான் என்று இரவெல்லாம் தேடலாம்.

மோட்டாரை ஓட்டுவதற்கென்றே வரும் எல்298என் போர்டும் சிபாரிசுக்குரியது. கறுப்பு ஹீட் சிங்க்கோடு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். 6 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை மோட்டாருக்குத் தரும்.

இத்தனைக்குப் பிறகும் பிடபிள்யூஎம் வேலை செய்து தொலைத்தால், 255 வரை போகும் அதன் வேக மதிப்பை 40-இல் வையுங்கள். மோட்டார் சுற்றாது, முனகும். முதலில் ஒரு நொடி முழு வேகம் கொடுத்துக் கிளப்பிவிட்டுப் பிறகு குறைக்கலாம் என்று விவரம் தெரிந்தவர் சொல்வார். காதில் வாங்காதீர்கள்.

கியரோடு வரும் மஞ்சள் மோட்டாரின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அது உள்ளேயே 48-க்கு 1 என்று வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டிவிடும். 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 200 சுற்று வாக்கில் சாதுவாக ஓடும். உங்களுக்குச் செய்ய வேலையே இருக்காது.